இரண்டு முறை திருத்தப்பட்ட ஆழம்: பழைய எக்ஸ்பிடி பதிவுகளைக் கணினியில் ஏற்றியபோது நேர்ந்த பிழை

பின்னணி

மும்பையில் கப்பல் ஏஜென்ட் ஒருவரின் கிடங்கைக் காலி செய்தபோது, ஒரு தகரப் பெட்டி நிறையக் கடல் வெப்பநிலைப் பதிவுகள் கிடைத்தன. 1980களின் இறுதியிலும் 1990களிலும் அரபிக்கடலைத் தெற்கு நோக்கிக் கடந்த சரக்குக் கப்பல்களில் எடுத்தவை அவை. சயானில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செகண்ட் ஆபீசர் ஒருவர், எடைக்குப் போகவிருந்த பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பணியில் இருந்த காலத்தில் அவரும் இந்த அளவீடுகளை எடுத்தவர். தரவுப் பதிவில் நெடுநாள் பழக்கமுள்ள ஒரு பெண்ணும், கடலியல் படிக்கும் முதுகலை மாணவர் ஒருவரும் அவரோடு சேர்ந்தார்கள். தாள்களை எண்களாக்கி, பிறகு வந்த ஆண்டுகளின் அளவீடுகளோடு ஒப்பிடலாம் என்பது திட்டம்.

நேர்ந்த பிழை புரிய வேண்டுமானால், இவற்றை எடுத்த எக்ஸ்பிடி என்ற கருவியை (கடலில் எறிந்துவிடும் வெப்பநிலை அளவி) பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கப்பலை நிறுத்தாமலே கடலின் மேலடுக்கு வெப்பநிலையை அளக்க முதலில் பரவலாகப் பயன்பட்டது அதன் முன்னோடியான எம்பிடி (மெக்கானிக்கல் பாத்திதெர்மோகிராஃப்). 1930களின் இறுதியில் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் உருவாக்கியது அது. சைலீன் நிரப்பிய மெல்லிய குழாய் வெப்பத்துக்கு ஏற்ப ஒரு முள்ளை அசைக்கும். நீரழுத்தம் துருத்தி ஒன்றைச் சுருக்கி, பூச்சிட்ட கண்ணாடிச் சில்லை நகர்த்தும். முள் கண்ணாடியில் கீறும் கோடுதான் பதிவு. ஆழத்தை அது அழுத்தத்தால் அறிந்தது. கருவியை வின்ச்சில் இறக்கி மறுபடி மேலே இழுக்க வேண்டும். எட்டும் ஆழமும் 300 மீட்டருக்குள் முடிந்துவிடும்.

1960களின் நடுவில் வந்த எக்ஸ்பிடியைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. துத்தநாக மூக்கும், அதன் நுனித் துளையில் ஒரு தெர்மிஸ்டரும் (வெப்பநிலைக்கு ஏற்ப மின்தடை மாறும் உணரி), வாலில் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட சிறிய புரோப் அது. தலைமுடி போன்ற அந்தக் கம்பி புரோப்பிலிருந்தும் கப்பலில் உள்ள குப்பியிலிருந்தும் ஒரே நேரத்தில் பிரியும். டி-4 வகை 460 மீட்டர் வரையும், டி-7, டீப் ப்ளூ வகைகள் 760 மீட்டர் வரையும் போகும். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும், புரோப் கடலோடு போய்விடும்.

எக்ஸ்பிடியில் ஆழமானி கிடையாது. தண்ணீரைத் தொட்ட கணத்திலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பது மட்டுமே தெரியும். அதை ஆழமாக்கத் தயாரிப்பாளர் தந்த சமன்பாடு இது:

ஆழம் = 6.472 × நேரம் − 0.00216 × நேரம்²

புரோப்புகள் இதைவிட வேகமாக விழுகின்றன என்பது சிடிடி (ஆழத்தை அழுத்தத்தால் நேரடியாக அளக்கும் கருவி) அளவீடுகளோடு அருகருகே ஒப்பிட்டபோது தெரிந்தது. ஹனாவா குழுவினர் 1995-இல் வெளியிட்ட புதிய குணகங்கள் 6.691, 0.00225. பழைய ஆழத்தை 1.0336-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய புதிய ஆழம் கிடைத்துவிடும். இந்தப் பெருக்கல் எளிதாக இருந்ததே பிற்பாடு வினையானது.

பெட்டியில் இருந்தவை

மூன்று வகைப் பதிவுகள் இருந்தன. பெரும்பாலானவை வரைதாள் சுருள்கள். குறுக்கே வெப்பநிலையும், நெடுக்கே ஆழமும் கோடுகளாக முன்கூட்டியே அச்சிட்ட தாளில் பேனா இழுத்த வளைகோடுகள் அவை. அடுத்தவை, 1990களின் பிற்பாதியில் கணினிப் பதிவுக் கருவி வந்த பிறகு எழுதப்பட்ட ஃப்ளாப்பிகள். மூன்றாவது வகை, 5 மீட்டருக்கு ஒரு மதிப்பு என்று சுருக்கி அச்சிட்ட பட்டியல்கள் சில. அவற்றின் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை. கூடவே கப்பல் பதிவேடுகள்: தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, கப்பல் வேகம், புரோப் வகை, வாளியில் முகந்த மேற்பரப்பு நீரின் வெப்பநிலை. நேரப் பத்தியில் சில பக்கங்கள் கிரீன்விச் நேரத்திலும் சில இந்திய நேரத்திலும் எழுதப்பட்டிருந்தன. அடுத்தடுத்த இரண்டு நிலைகளுக்கு இடையே கப்பல் எந்த வேகத்தில் போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டதில் எந்தப் பக்கம் எந்த நேரம் என்று தெரிந்துவிட்டது.

தாளிலிருந்து எண்ணுக்கு

சுருள்களை ஸ்கேன் செய்து, கோட்டின் மேல் புள்ளி வைத்து எடுக்கும் மென்பொருளில் ஏற்றினார்கள். இந்தக் கட்டத்தில் இரண்டு இடங்களில் சறுக்கல் வந்து, உடனே சரியானது.

முதலாவது, தாளின் உப்பல். மும்பை மழைக்கால ஈரத்தில் பல ஆண்டுகள் கிடந்த தாள் அகலவாக்கிலும் நீளவாக்கிலும் ஒரே அளவில் விரிவதில்லை. அளவுகோல் வைத்து மில்லிமீட்டரை வெப்பநிலையாக்கினால் தவறும். அச்சிட்ட கட்டமும் தாளோடு சேர்ந்தே உப்புவதால், கட்டத்தை ஒட்டிப் படிப்பதுதான் வழி.

இரண்டாவது, நங்கூரப் புள்ளிகள். 0, 760 ஆகிய இரண்டு கோடுகளை மட்டும் மென்பொருளில் குறித்துவிட்டு இடைப்பட்டதை அது சமமாகப் பிரிக்கட்டும் என்று முதலில் விட்டார்கள். ஆனால் புரோப் விழ விழக் கம்பி பிரிந்து எடை குறைகிறது, வேகமும் தணிகிறது. முதல் 100 மீட்டரைக் கடக்க 15.5 விநாடி, கடைசி 100 மீட்டருக்கு 16.7 விநாடி. தாளோ ஒரே வேகத்தில் ஓடுகிறது. ஆகவே அச்சுக் கோடுகளின் இடைவெளி கீழே போகப் போக அகலும். இரண்டு நங்கூரம் மட்டும் போட்டால் நடுப்பகுதியில் ஆழம் 8 மீட்டர் வரை பிசகும். 100 மீட்டருக்கு ஒரு நங்கூரம் என்று மாற்றியதும் அது தீர்ந்தது.

கோட்டைப் படிப்பதில் அதிகாரியின் பழக்கம் கைகொடுத்தது. பேனா திடீரென்று சூடான பக்கம் துள்ளி, உடனே திரும்பினால் கம்பியின் காப்புப் பூச்சில் கீறல். மின்கசிவால் தடை குறைகிறது. தெர்மிஸ்டரில் தடை குறைந்தால் வெப்பநிலை கூடியதாகத்தான் காட்டும். துள்ளிய பேனா திரும்பாமல் தாளின் விளிம்புக்கே ஓடினால் கம்பி அறுந்துவிட்டது. காற்று கப்பல் பக்கமாக வீசிக் கம்பி உடலில் உரசினால், கோடு மெல்ல மெல்லச் சூடான பக்கம் சாயும். கண்டுபிடிக்கக் கடினமானது இந்தச் சாய்வுதான். துள்ளலை விட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள். சாய்வு தொடங்கிய இடத்தோடு பதிவை வெட்டினார்கள். தெர்மிஸ்டர் நீரின் வெப்பநிலைக்குப் பழகும் முதல் 4 மீட்டரை எல்லாப் பதிவுகளிலும் விலக்கினார்கள்.

சந்தேகம் கிளம்பிய விதம்

எண்களாக்கிய பிறகு, 20 டிகிரி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பதிவுக்குப் பதிவு கணக்கிட்டார்கள். வெப்பச்சரிவு அடுக்கின் (ஆழத்தோடு வெப்பநிலை விரைவாகக் குறையும் அடுக்கு) ஆழத்துக்கு இந்தியப் பெருங்கடலில் வழக்கமாக எடுக்கும் அளவு அது. 1990களின் தொடக்கப் பதிவுகளில் அந்த ஆழம் பிந்தைய ஆண்டுகளைவிடக் கீழே இருந்தது. 100 முதல் 200 மீட்டர் வரை அந்தப் பதிவுகள் எல்லாமே சூடாகத் தெரிந்தன. மாணவர் இதை ஒரு கண்டுபிடிப்பாகவே எடுத்துக்கொண்டு வரைபடம் போட்டுவிட்டார். அதிகாரி நம்பவில்லை என்றாலும், காரணம் சொல்ல அவருக்கும் வரவில்லை.

வேறு வேலையாக ஒரு சுருளைப் பிரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. "அக்கா, தாள்ல கோடு 760-லயே நின்னுடுது. உங்க ஷீட்ல கடைசி ஆழம் 811.9-னு இருக்கே?" என்று மாணவர் கேட்டார்.

பதிவுப் பெண் தன் கோப்பைத் திறந்து பார்த்தார். "நான் போட்டது 785.5 தம்பி. 811 எனக்குத் தெரியாது."

760-ஐ 1.0336-ஆல் பெருக்கினால் 785.5. அதை மறுபடி பெருக்கினால் 811.9.

எங்கே இரட்டித்தது

தேடியதில் வரிசை இப்படி அமைந்தது. வேலை தொடங்கிச் சில நாள் கழித்து, பழைய தாள்களுக்கு 1.0336 போட வேண்டும் என்று மாணவர் வாய்மொழியாகச் சொன்னார். பதிவுப் பெண் அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் பெருக்கியே பதிந்தார். ஏற்கெனவே பதிந்தவற்றைத் தொடவில்லை. தொடும்படி யாரும் சொல்லவும் இல்லை. பிறகு மாணவர் தன் ஆய்வுக்கான நிரலில், 1995-க்கு முந்தைய தேதி இருந்தால் 1.0336-ஆல் பெருக்கு என்று ஒரு வரி எழுதினார். அந்த வரி எல்லாவற்றின் மேலும் ஓடியது. முடிவில் ஒரே கோப்புறைக்குள் ஒரு முறை திருத்தியவையும் இரு முறை திருத்தியவையும் கலந்து கிடந்தன. ஆழம் என்ற பத்தித் தலைப்பு இரண்டுக்கும் ஒன்றே.

எது எது என்று பிரிக்க, பதிவுக் கோப்பின் எண்களே சாட்சி சொன்னன. கட்டத்தாளில் கையால் படிப்பவர் 50, 100, 200 என்று முழுக் கோட்டில்தான் முதலில் புள்ளி வைப்பார். ஒரு முறை பெருக்கினால் அவை 51.7, 103.4, 206.7 ஆகும். இரண்டாவது முறை பெருக்கினால் 53.4, 106.8, 213.7. ஒரு பதிவில் இந்த மூன்று குடும்பங்களில் எது தலைகாட்டுகிறது என்று தேடினாலே போதும்.

ஏன் முன்பே தெரியவில்லை

சோதனை செய்யாமல் விட்டதால் வந்த பிழை அல்ல இது. ஒவ்வொரு பதிவின் மேல்மட்ட மதிப்பையும் பதிவேட்டிலிருந்த வாளி வெப்பநிலையோடு ஒப்பிட்டிருந்தார்கள். எல்லாம் பொருந்தின. பொருந்தாமல் எப்படிப் போகும்? பெருக்கல் பிழை மேற்பரப்பில் பூஜ்யம், ஆழத்தோடுதான் வளர்கிறது. அதற்குக் கீழே உள்ள கலவை அடுக்கில் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஆழம் 2 மீட்டர் தவறினாலும் எண் மாறாது. வெப்பச்சரிவுக்குள் நுழைந்ததும்தான் பிழை முகம் காட்டும். 120 மீட்டரில் கூடுதலாகப் போட்ட 3.36 சதவீதம் 4 மீட்டர் ஆகிறது. அங்கே மீட்டருக்கு 0.1 டிகிரி குறைகிறது என்றால், 0.4 டிகிரி பொய்ச் சூடு வந்துவிடும். 20 டிகிரி நீர் உண்மையில் 110 மீட்டரில் இருந்தால், திருத்தாத பதிவு 106.4 என்றும், இருமுறை திருத்தியது 113.7 என்றும் சொல்லும்.

இருமுறை திருத்தினால் ஏன் சூடான பக்கமே சாய வேண்டும் என்பதிலும் கொஞ்ச நேரம் குழம்பினார்கள். ஆழத்தை இழுத்து நீட்டும்போது, மேலே இருந்த சூடான நீருக்குக் கீழ்மட்ட முகவரி கொடுக்கிறோம். குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் நின்று பார்ப்பவருக்கு அது வெப்பமேற்றமாகத் தெரியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இருமுறை திருத்தியவற்றை 1.0336-ஆல் வகுத்துவிட்டால் ஆயிற்றே என்பது முதல் யோசனை. அதை ஏற்கவில்லை. சில பக்கங்களில் முதல் பெருக்கலுக்குப் பின் ஆழத்தை முழு மீட்டராக்கியிருந்தார்கள். வகுத்தால் மூல எண் துல்லியமாகத் திரும்பாது. இன்னும் முக்கியமான காரணம், 1.0336 என்பதே ஒரு தோராயம். ஆகவே ஸ்கேன் படங்களிலிருந்து மறுபடி படித்தார்கள். இந்த முறை ஆழத்தை உடனே பதியவில்லை. தாளின் ஆழக்கோடு பழைய குணகத்தில் அச்சானது என்பதால், பழைய சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு, விழுந்த விநாடியாக மாற்றிப் பதிந்தார்கள். 760 மீட்டர் என்பது 122.4 விநாடி, 460 மீட்டர் என்பது 72.8 விநாடி.

இந்த எண்ணைப் பார்த்ததும் அதிகாரி, "சரிதான், டி-7 போட்டா ரெண்டு நிமிஷம் அசையாம நிக்கணும்" என்றார்.

விநாடியையும் வெப்பநிலையையும் மட்டுமே கொண்ட கோப்பு பூட்டப்பட்டது. அதன் மேல் யாரும் எழுத முடியாது. ஆழம் வேண்டுபவர் அதிலிருந்து கணக்கிட்டு வேறு கோப்பில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் பயன்படுத்திய இரு குணகங்களும் இருக்க வேண்டும். உலக வானிலை அமைப்பின் குறியீட்டு அட்டவணையும் இதைத்தான் கேட்கிறது. டி-7 வகைக்குப் பழைய குணகமானால் 041, புதியதானால் 042. ஒரே புரோப்புக்கு இரண்டு எண் வைத்திருப்பதன் காரணம் அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது.

தேதியை வைத்துத் திருத்தும் வரியை நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புரோப் எப்போது விழுந்தது என்பது எந்தச் சமன்பாட்டில் கணக்கிட்டார்கள் என்பதைச் சொல்லாது. 1995-க்குப் பிறகும் பழைய தாள், பழைய மென்பொருளோடு ஓடிய கப்பல்கள் உண்டு.

ஃப்ளாப்பிக் கோப்புகள்

1990களின் பிற்பாதிக் கோப்புகளில் குணகம் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவை விநாடிக்கு 10 முறை பதிந்த முழுக் கோப்புகள். எனவே முதல் நான்கு ஆழ மதிப்புகளே போதுமாக இருந்தன. பழைய குணகமானால் அவை 0.6, 1.3, 1.9, 2.6. புதியதானால் 0.7, 1.3, 2.0, 2.7. புதியதின் மேல் மறுபடி 1.0336 ஏறியிருந்தால் 0.7, 1.4, 2.1, 2.8. உறுதிப்படுத்த 10-ஆவது விநாடியின் வரியைப் பார்த்தார்கள். அங்கே முறையே 64.5, 66.7, 68.9 வரும், குழம்ப இடமே இல்லை. ஒரே கப்பலின் அடுத்தடுத்த பயணங்களில் ஒன்று பழையதாகவும் மற்றது புதியதாகவும் இருந்தன. நடுவில் யாரோ மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

5 மீட்டர் இடைவெளி அச்சுப் பட்டியல்களில் இந்த உத்தி பலிக்கவில்லை. இடைச்செருகிச் சமப்படுத்தியதில் தடயம் அழிந்துவிட்டது. வேறு இரண்டு வழிகளை முயன்றார்கள். கண்டத்திட்டில் தரைதட்டிய புரோப்புகளின் கடைசி ஆழத்தை வரைபட ஆழத்தோடு ஒப்பிடுவது ஒன்று. 80 மீட்டர் நீரில் இரு குணகங்களுக்கும் இடையே வித்தியாசம் 2.7 மீட்டர்தான். ஓதமும், அந்தக் காலத்துக் கப்பல் நிலைக் கணிப்பின் பிசகும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. பலவருடச் சராசரியோடு ஒப்பிடுவது இன்னொன்று. அரபிக்கடலில் ஒரு சுழல் கடந்தாலே வெப்பச்சரிவு பத்துப் பதினைந்து மீட்டர் ஏறி இறங்கும். அதில் 3 சதவீதத்தைத் தேடுவது வீண் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

விளைவு

மறுபடி படித்து, எல்லாவற்றுக்கும் புதிய குணகத்தை ஒரே ஒரு முறை போட்ட பிறகு, 1990களின் தொடக்கப் பதிவுகளில் தெரிந்த சூடு பெருமளவு மறைந்தது. மாணவரின் வரைபடம் கைவிடப்பட்டது. எஞ்சிய சிறு வித்தியாசத்தை வைத்து எதையும் வாதிட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதற்கு வெளியிலிருந்தே நியாயம் இருந்தது. 1995 திருத்தம் கடைசி வார்த்தை அல்ல. எக்ஸ்பிடி அளவீடுகள் மொத்தத்தில் சூடான பக்கம் சாய்ந்திருப்பதை குரெட்ஸ்கி, கோல்டர்மன் இருவரும் 2007-இல் காட்டினார்கள். வீழ்வேகமே ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது என்று அதன்பின் வந்த ஆய்வுகள் கண்டன. தெர்மிஸ்டர், பதிவுக் கருவி சார்ந்த தனி வெப்பநிலைப் பிழையும் இருப்பது தெரிந்தது. உலகக் கடல் வெப்ப வரைபடத்தில் 1970களில் தெரிந்த ஒரு மேடு, இந்தத் திருத்தங்களுக்குப் பிறகு பெரும்பாலும் கரைந்துபோனது. அடுத்த திருத்தம் எப்போது வந்தாலும் போட்டுக்கொள்ள விநாடிக் கோப்பு தயாராக இருக்கிறது.

மாற்றியவை

வாய்மொழி அறிவுறுத்தல் நின்றது. பதிவு விதி மாறினால், மாறிய தேதியும் எந்தப் பக்கத்திலிருந்து என்பதும் ஒரு நோட்டில் ஏறும். பதிவுப் பெண்ணே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது; பழி தன் மேல் வரப் பார்த்ததில் அவருக்கு வருத்தம் இருந்தது, அது நியாயமும்கூட. சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான்.

மேற்பரப்புச் சோதனையோடு அடிமட்டச் சோதனையும் சேர்ந்தது. ஒவ்வொரு பதிவின் கடைசி ஆழத்தையும் புரோப் வகையோடு ஒப்பிட வேண்டும். புதிய குணகத்தில் டி-7 தாள் 786-ஐத் தாண்டினால் சுருளை எடுத்துப் பார்க்க வேண்டும். தொடங்கும்போதே இதைச் செய்திருந்தால் முதல் நாளிலேயே மாட்டியிருக்கும்.

பெட்டியின் அடியில் கிடந்த சில எம்பிடி கண்ணாடிச் சில்லுகளைத் தொடவில்லை. ஒவ்வொரு எம்பிடிக்கும் அதன் வரிசை எண்ணுக்கென்றே வரைந்த தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டங்கள் பெட்டியில் இல்லை. பஞ்சு வைத்துத் தனித்தனியாகப் பொதிந்து, வரிசை எண்ணை மேலே எழுதி வைத்திருக்கிறார்கள்.

5 மீட்டர் அச்சுப் பட்டியல்கள் "குணகம் தெரியாது" என்ற குறிப்போடு தனிக் கோப்புறையில் உள்ளன. அவற்றின் ஆழத்தில் யாரும் கைவைக்கவில்லை.